வெறுங்காலில் ஜெயித்தார்கள்... சரி, அப்புறம்?

(இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், நாகலாபுரம்)



இந்த வருஷ மலரிலும் கவிதைகள் நிறைய இருக்கும். அம்மாவைப் பற்றி இருக்கும், நட்பைப் பற்றி இருக்கும், சொல்லாத காதலைப் பற்றிக் கட்டாயம் இருக்கும். நமக்குக் கவிதை வராது. நான் காலைப் பற்றி எழுதுகிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், காலில் போடுகிற பூட்ஸைப் பற்றி.

போன வருஷம் பாலிடெக்னிக்குகளுக்கான கால்பந்துப் போட்டிக்கு நம்ம டீம் போனது பலருக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே நல்லது. 4–0 என்று தோற்றுவிட்டு வந்தோம். போன பதினாலு பேரில் சொந்த பூட்ஸ் வைத்திருந்தவர்கள் ஆறே பேர். மற்றவர்கள் காலில் இருந்தது கேன்வாஸ் ஷூ. முதல் நாள் ராத்திரி அங்கே நல்ல மழை. எதிர் டீம்காரன் திரும்புகிற இடத்தில் நாங்கள் விழுந்தோம். வெளியே உட்கார்ந்திருந்தவனின் பூட்ஸைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டு உள்ளே போனவனும் உண்டு. ஒன்பதாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் பூட்ஸ்!

திரும்பி வந்த பிறகு, டீமுக்குப் பொதுவாக பூட்ஸ் வாங்கித் தரவேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டோம். அதற்கு ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்:

"தம்பிகளா, 1911-ல கல்கத்தாவுல மோகன் பகான் டீம் வெறுங்காலோட ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தையே தோக்கடிச்சாங்க. ஆடத் தெரிஞ்சவனுக்கு பூட்ஸ் எதுக்கு?"

எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன். நல்லாத்தானே சொன்னார்! ஆனால் சாயங்காலம் ஊருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபோது மனசுக்குள் ஏதோ நெருடியது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழுசாகவும் இல்லையே என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்த 1911 கதையைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் கதை. ஏனென்றால் அது உண்மையிலேயே மெய்சிலிர்க்க வைக்கிற கதை.

அந்தக் காலத்தில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்பது இந்தியாவின் பெரிய கால்பந்துக் கோப்பை. 1893-இல் தொடங்கியது. அதை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போனது வெள்ளைக்கார டீம்தான். 1911-இல் மோகன் பகான் அதில் இறங்கியது. முதலில் செயின்ட் சேவியர்ஸ் டீமை 3–0, அடுத்து ரேஞ்சர்ஸை 2–1, அப்புறம் ரைஃபிள் பிரிகேடை 1–0 என்று வரிசையாகச் சாய்த்தது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் ரெஜிமென்டோடு 1–1 சமன். மறுபடி ஆடியபோது 3–0. இறுதிப் போட்டி ஜூலை 29, எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்.

சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து சனம் வந்து குவிந்தது. ஸ்பெஷல் ரயில் விட்டார்கள். அறுபதாயிரம் பேர் என்கிறார்கள், எண்பதாயிரம் என்கிறார்கள், லட்சம் என்று சொல்பவர்களும் உண்டு. பின்னால் நின்றவர்களுக்கு மைதானமே தெரியாது. அதனால் எத்தனை கோல் என்பதைப் பட்டத்தில் எழுதி வானத்தில் பறக்க விட்டார்களாம்! அதை அண்ணாந்து பார்த்துத்தான் பாதிச் சனம் ஆட்டத்தை 'பார்த்தது'.

முதல் கோல் வெள்ளைக்காரன் போட்டான். கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி திருப்பி ஒன்று போட்டார். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோல். 2–1! ஷீல்டை ஜெயித்த முதல் இந்திய டீம் மோகன் பகான். அந்தப் பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியைக் காட்டி, 'அது எப்போ இறங்கும்?' என்று ஒருவர் கேட்டதாக இன்றைக்கும் கதை சொல்கிறார்கள். ஜூலை 29-ஐ மோகன் பகான் தினம் என்றே ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களின் பேரன்கள் தாங்களே பட்டம் பார்த்ததுபோலச் சொல்கிறார்கள். ரசிகன் என்றால் அப்படித்தான் இருக்கணும்!

ஆனால் நண்பர்களே, பரம்பரையாகச் சொல்லிவரும் கதையில் ஒரு கோளாறு உண்டு. இனிப்பானது நிற்கும், கசப்பானது உதிர்ந்துவிடும். இந்தக் கதையில் உதிர்ந்துபோனவை எவை என்று பாருங்கள்.

ஒன்று: பதினோராவது ஆள். சுதீர் சட்டர்ஜி, பேக் ஆடியவர். அவர் காலில் பூட்ஸ் இருந்தது. 'பத்துப் பேர் வெறுங்கால்' என்று சொல்கிறோமே தவிர, 'பூட்ஸ் வாங்க முடிந்த ஒருவர் பூட்ஸோடுதான் ஆடினார்' என்று யாரும் சொல்வதில்லை. அவரைத் துரோகி என்றா கல்கத்தா சொன்னது? அவரும் அந்த 'அமர பதினோரு பேரில்' ஒருவர்தான்.

இரண்டு: அந்த வெற்றி ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. கிளப் ஆரம்பித்தது 1889. ஷீல்டு ஜெயித்தது 1911. நடுவில் இருபத்திரண்டு வருஷம்! 1906, 1907, 1908 என்று தொடர்ந்து மூன்று வருஷம் டிரேட்ஸ் கோப்பை ஜெயித்திருக்கிறார்கள். 1909-இல் இதே ஷீல்டில் இறங்கி கார்டன் ஹைலேண்டர்ஸ் பட்டாளத்திடம் 3–0 என்று தோற்றிருக்கிறார்கள். கிளப் செயலாளர் சைலேன் பாசு ராணுவத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர், பட்டாள முறையிலேயே ஓட்டமும் உடற்பயிற்சியும் கொடுத்தவர். ஆக, அவர்களுக்கு மைதானம் இருந்தது, கிளப் இருந்தது, பயிற்சி இருந்தது, வருஷா வருஷம் போட்டி இருந்தது. பூட்ஸ் ஒன்றுதான் இல்லை. நமக்கு? இந்த நாலும் பாதி இல்லை, அத்தோடு பூட்ஸும் இல்லை. பிறகு எப்படி 1911-ஐ நம்மிடம் காட்டுகிறார்கள்?

மூன்று: அதற்குப் பிறகு நடந்தது. இதுதான் முக்கியம்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியா முதன்முதலாகக் கால்பந்து ஆடியது. எதிர் டீம் பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டோம், கடைசி நேரத்தில் பிரான்ஸ் ஒரு கோல் போட்டு 2–1 என்று ஜெயித்தது. அப்போது கேப்டன் தலிமேரன் ஆவ், 'நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்' என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நல்ல பதில்தான்! கேட்டால் நமக்கே விசில் அடிக்கத் தோன்றும். 1951-இல் டெல்லி ஆசியப் போட்டியில் தங்கமும் வாங்கினோம். பூட்ஸ் எதற்கு என்ற நினைப்பு இன்னும் கெட்டிப்பட்டது.

அடுத்த வருஷம் 1952, ஹெல்சின்கி ஒலிம்பிக். எதிரே யூகோஸ்லாவியா. ஸ்கோர் என்ன தெரியுமா? 10–1. பத்து கோல் வாங்கினோம்! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று நம்ம கால்பந்து சம்மேளனமே முடிவு செய்தது.

நாலு வருஷம் கழித்து 1956 மெல்போர்ன். ஹைதராபாத் ரஹீம் பயிற்சியாளர். காலில் பூட்ஸ். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என்று அடித்தோம், நெவில் டிசோசா மூன்று கோல். அரையிறுதியில் எதிரே வந்தது யார்? அதே யூகோஸ்லாவியா. முதல் கோலைப் போட்டது நாம்! கடைசியில் 4–1 என்று தோற்றோம். பத்து கோல் எங்கே, நாலு கோல் எங்கே! ஒலிம்பிக்கில் நாலாவது இடம். 1960 ரோமில் நம்ம தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று சாய்த்து மறுபடி ஆசியத் தங்கம்.

இதெல்லாம் பூட்ஸினால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. ரஹீம் என்ற ஆசான் இருந்தார், ஆட்டத்தையே மாற்றினார். நான் சொல்வது இவ்வளவுதான்: 1911-ஐத் தெரிந்த வாய்க்கு 1952-உம் தெரிந்திருக்க வேண்டும். வெறுங்கால் 2–1-ஐச் சொல்கிறவர் வெறுங்கால் 10–1-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

நடுவில் 1950 பிரேசில் உலகக் கோப்பை ஒன்று இருக்கிறது. தகுதிச் சுற்றில் மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. நாம் போகவில்லை. 'வெறுங்காலில் ஆடக்கூடாது என்று சொன்னதால்தான் போகவில்லை' என்று நம்மில் பலரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அது சும்மா கட்டிவிட்ட கதை. பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் தகராறு என்றெல்லாம் சம்மேளனம் காரணம் சொன்னது. உலகக் கோப்பையை அன்றைக்கு அவர்கள் பெரிதாக நினைக்கவும் இல்லை. பார்த்தீர்களா, வெறுங்கால் கதை எவ்வளவு வசதி! அதைச் சொன்னால் பெருமையாகவும் இருக்கும், பொறுப்பில் இருந்தவர்களை யாரும் கேள்வியும் கேட்க மாட்டார்கள்.

நாம் போகாத அந்த உலகக் கோப்பையில்தான் உலகமே வாய்பிளந்த ஒரு ஆட்டம் நடந்தது. ஜூன் 29, பெலோ ஹொரிசான்டே நகரம். கால்பந்தைப் பெற்றெடுத்த இங்கிலாந்தை, கத்துக்குட்டி அமெரிக்கா 1–0 என்று தோற்கடித்தது. அந்த ஒரு கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் ஜோ கேட்ஜென்ஸ். ஹைதி நாட்டில் பிறந்தவர். நியூயார்க்கில் ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டே கணக்கியல் படித்தவர். நம்மள மாதிரி ஒரு ஆள்! ஆனால் அவர் மைதானத்தில் இருந்தார், அதனால் கோல் போட்டார். மைதானத்துக்கே போகாதவனால் யாரையும் தோற்கடிக்க முடியாது. எளியவன் வலியவனை ஜெயிப்பது அதிசயம்தான். ஆனால் அந்த அதிசயம் நடக்கவும் முதலில் எளியவனைக் களத்தில் இறக்கி விடணும்.

வெளியூர்க் கதை போதும், நம்ம கோவில்பட்டிக்கு வருவோம். கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், தீப்பெட்டி, ஹாக்கி. ஹாக்கியில் என்ன நடந்தது? 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைப் புல்தரை போட்டார்கள். அதுவரை ராஜாவாக இருந்த இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. திறமை ஒரே நாளில் காணாமல் போய்விட்டதா? தரை மாறிவிட்டது, நம்மிடம் அந்தத் தரை இல்லை. இப்போது கோவில்பட்டியிலேயே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது, ஹாக்கிக்கு விளையாட்டு விடுதி இருக்கிறது. பலன்? இங்கே பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய டீமில் ஆடி வெண்கலம் வாங்கி வந்தார்கள். கரிசல் மண்ணில் திறமைக்குப் பஞ்சம் எப்போதுமே இல்லை. தரையும் மட்டையும் பயிற்சியும் கொடுத்தார்கள், பையன்கள் ஜகார்த்தா வரைக்கும் போனார்கள். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று சொல்கிறேன். இந்த வெறுங்கால் பெருமையை எங்கய்யாவிடம் சொன்னேன். எங்கய்யா பள்ளிக்கூடப் பக்கம் போனவரில்லை. மிளகாய்க் காட்டிலும், மழையில்லாத வருஷம் கரிமூட்டத்திலும் வேலை பார்க்கிறவர். அவர் குதிகாலில் சீமைக்கருவேல முள் ஏறி ஏறிக் காய்ச்சுப்போயிருக்கும். நம்ம கரிசலில் மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடக்கணும், காய்ந்தால் வெடிப்பில் கால் மாட்டும். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"செருப்பில்லாம நடந்தது பெருமையில்லய்யா. வாங்க முடியல, நடந்தோம். அம்புட்டுத்தான். முடிஞ்சவன் போட்டுக்கிட்டுத்தான நடந்தான்?"

இதற்கு மேல் நான் என்ன எழுத?

நம்மில் எத்தனையோ பேர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நமக்கு இந்த மாதிரிப் பாராட்டு அடிக்கடி கிடைக்கும். 'தெருவிளக்கில் படிச்சு முன்னுக்கு வந்தாங்க, உங்களுக்கு லைட் எதுக்கு?' 'பத்து மைல் நடந்து படிச்சாங்க, உங்களுக்கு பஸ் எதுக்கு?' கேட்கும்போது பாராட்டு மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் 'உனக்கு எதுவும் தரமாட்டோம்' என்பதைத்தான் நயமாகச் சொல்கிறார்கள். தெருவிளக்கில் படித்து மேலே வந்த ஒருத்தரின் பெயர் நமக்குத் தெரியும். அதே தெருவிளக்கில் படித்து, கண் கெட்டு, பாதியில் நின்றுபோன நூறு பேரின் பெயர் யாருக்குத் தெரியும்?

நம்ம வொர்க்‌ஷாப்பையே பாருங்களேன். ஷூ போடாமல் உள்ளே விடுவார்களா? செருப்போடு போனால் அன்றைக்கு ஆப்சென்ட்தான். லேத்தில் சூடாகத் தெறிக்கிற சில்லு காலைப் பொசுக்கிவிடும் என்பதால் அந்த விதி. நல்ல விதி. 'உங்க தாத்தா வெறுங்காலோட பட்டறையில வேலை பார்த்தாரு, நீயும் பாரு' என்று எந்த சாரும் சொல்வதில்லை. மழுங்கின அரத்தைக் கொடுத்து 'திறமை இருந்தா ராவிக் காட்டு' என்றும் சொல்வதில்லை. அளக்க வெர்னியர், வெட்ட டூல், காலுக்கு ஷூ. மைதானத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? அதுவும் போக, இன்றைக்குக் கால்பந்து விதிப்படி ஷூ இல்லாமல் ஆடவே முடியாது. 1911-இன் பதினோரு பேரே இன்றைக்கு எழுந்து வந்தாலும், பத்துப் பேரை நடுவர் வெளியே நிறுத்திவிடுவார்!

நம்ம பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. பூட்ஸ் போட்ட ஈஸ்ட் யார்க்ஷயர்தான் அன்றைக்குத் தோற்றது. பூட்ஸ் மட்டும் கோல் போடாது. காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்று சொன்னால் நாம் எத்தனை பேர் வருகிறோம்? பெரும்பாலும் ஏழு எட்டுப் பேர், அதில் இரண்டு பேர் தூக்கக் கலக்கத்தில். நானும் வராத நாள் உண்டு. போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் ஓடினால் 4–0 என்றுதான் வரும். மோகன் பகானிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இருபத்திரண்டு வருஷப் பயிற்சி. வெறுங்காலை இல்லை.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் யோசனைகள்:

பூட்ஸ் ஒன்று சாதாரண ரகமே அறுநூறு எழுநூறு ரூபாய்க்குக் குறைந்து வராது. ஒவ்வொருத்தனையும் வாங்கச் சொன்னால் முடிந்தவன் மட்டும்தான் டீமில் இருப்பான். எனவே ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று அளவு பார்த்துப் பதினாறு ஜோடி பொதுவில் வாங்குவோம். டூல் ரூமில் டூல் எடுப்பது மாதிரி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுக்கணும், துடைத்து வைக்கணும், தொலைத்தால் கட்டணும். பயிற்சிக்குப் பாதி நாள்கூட வராதவனுக்கு பூட்ஸ் கிடையாது என்று விதியும் போடலாம், நான் ஒத்துக்கொள்கிறேன். மைதானத்து ஓரத்தில் மண்டிக்கிடக்கிற சீமைக்கருவேலை என்.எஸ்.எஸ். முகாமில் நாமே வெட்டுவோம். மாணவிகள் டீம் ஒன்று ஆரம்பிப்போம். தமிழ்நாட்டுப் பெண்கள் டீம் 2018-இல் கட்டாக்கில், அசைக்க முடியாத மணிப்பூரை 2–1 என்று தோற்கடித்து முதல்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. அந்த ஸ்கோரையும் அந்தப் பெரியவர் போல யாராவது ஒரு கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்!

அந்தப் பெரியவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் நான் இவ்வளவு படித்திருக்க மாட்டேன். ஷிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் எனக்கும் ஹீரோக்கள்தான். ஆனால் அவர்கள் வெறுங்காலோடு ஓடியது, பின்னால் வருகிறவனும் வெறுங்காலோடு ஓடணும் என்பதற்காக இல்லை.

அடுத்த வருஷப் போட்டிக்கு நம்ம டீம் பதினாலு ஜோடி பூட்ஸோடு போகட்டும். அதுக்கப்புறமும் 4–0 என்று தோற்றால், அந்தப் பெரியவர் என்ன சொன்னாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சி திங்கள், புதன், வெள்ளி. காலை ஆறு மணி. வந்துருங்க!